விபத்து என்று எழுத வேண்டாம்

முதலில் அந்த மேசை மின்விசிறியை நிறுத்திவிடுவோம், இராசதுரை சேர். பிளக் இல்லாமல் இரண்டு வயரையும் வெறுமனே துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கி வைத்திருக்கிறீர்கள். குற்றம் பிடிக்கிற பொலிஸ் நிலையத்தில் இப்படி இருக்கலாமா என்று நான் கேட்க வரவில்லை. பகல் சாப்பாடு முடித்துக் கையைக் கழுவி, துடைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். முழங்கையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அதனால்தான் சொன்னேன். நீங்கள் எழும்ப வேண்டாம், நானே செய்கிறேன். என் கை காய்ந்திருக்கிறது, காலில் றப்பர் செருப்பும் இருக்கிறது.

சரி. இனி வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வியர்த்து யாருக்கும் மௌத்து, சாவு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

எழுதிக்கொள்ள வசதியாக அச்சுத் தமிழிலேயே சொல்கிறேன். நீங்கள் பாண்டிருப்புக்காரர், எங்கள் கதை உங்களுக்கு விளங்கும். ஆனால் இதை நாளைக்கு நீதவானும் வாசிப்பார். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. பாதுகாப்பு விசயத்தில் பாதிக் குழப்பம் அரைகுறைப் பேச்சால்தான் வருகிறது.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது சாட்சிக்காக. எங்கள் முகாமையாளர் றிஸ்வான் சேர் போன வியாழக்கிழமை அலுவலகத்தில் கரண்ட் பிடித்து மௌத்தானார். அந்த அலுவலகத்தின் மின்பாதுகாப்புப் பொறுப்பாளர் நான், பெயர் ஆதம்பாவா. "ஒரு கையெழுத்துத்தான் காக்கா, வெச்சிட்டு வீட்ட போகலாம்" என்று, என்னை மூத்த அண்ணனாக மதித்து, அன்பாகத்தான் சொன்னீர்கள். வாசித்துப் பார்த்தேன். 'மின்பாதுகாப்புக் குறைபாட்டினால் ஏற்பட்ட விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கீழே என் கை போகாது. ஏன் போகாது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் அலுவலகத்தை நீங்கள் பார்த்தீர்கள். உரமும் கிருமிநாசினியும் தண்ணீர்ப் பம்பும் விற்கிற கம்பனியின் கிளை. நடுவில் நாங்கள் வேலை செய்கிற அறை, பின்னால் யூரியா மூட்டை அடுக்கிய களஞ்சியம், அதற்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் குழாயும். கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று எந்த ஆணியையும் விட்டு வைக்காது. ஆனாலும் பல வருடமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு அந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை.

கொழும்பிலிருந்து தலைமை அலுவலகம் ஒவ்வொரு கிளையிலும் ஒருவரை மின்பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னது. அம்பாறையில், சனிக்கிழமை. அன்று ஊரில் பெரிய வலீமா, கலியாண விருந்து ஒன்று. சாப்பாட்டை விட்டுவிட்டு வயரைப் பார்க்க யார் போவார்? எனக்கும் அழைப்பு இருந்தது, ஆனால் அந்த வீட்டோடு கொஞ்சம் மனக்கசப்பு. ஆகவே நான் போனேன்.

பயிற்சி அருமையாக இருந்தது. படம் போட்டுக் காட்டினார்கள். கரண்ட் பிடித்த கை, கரண்ட் பிடித்த கால். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னொரு தரம் காட்ட முடியுமா என்று நான் கேட்டேன். படித்துக் கொடுத்த பொறியியலாளர் ஒரு விளக்கமும் சொன்னார். யாரும் நினைக்காமல், யாரும் திட்டமிடாமல் நடப்பதுதான் விபத்து. மற்றதெல்லாம் வேறு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், சேர், பிறகு தேவைப்படும். பின்னேரம் ஒரு சான்றிதழும் மஞ்சள் மேலங்கியும் தந்து அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை அந்த மேலங்கியோடு அலுவலகத்துக்குள் காலை வைத்தபோது, இத்தனை வருடமும் நான் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஒரே பிளக்கில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தல், இரண்டு மின்விசிறி, போட்டோக் கொப்பி மெசின், அதற்கு மேல் எல்லாருடைய போனும். வயரின் மேல் கதிரைக் கால். அதைவிட மோசம் ளுஹர், பகல் தொழுகை நேரம். பாங்கு சொன்னதும் எல்லாரும் பின்னால் போய் வுழு எடுப்பார்கள். முகம், கை, கால் எல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, பள்ளிக்குப் போகிற அவசரத்தில் மின்விசிறியையும் கணினியையும் கேத்தலையும் அந்த ஈரக் கையாலேயே நிறுத்துவார்கள். வெறுங்கால் வேறு. சீமெந்துத் தரையில் அவர்களுடைய ஈரப் பாதங்களின் தடத்தை நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேன்.

நான் சொன்னேன். நல்ல வார்த்தையில்தான் சொன்னேன். "கையத் துடைச்சிட்டுத் தொடுங்க சேர்" என்றேன். றிஸ்வான் சேர் என்னைவிட வயதில் நன்றாக இளையவர், சிரித்த முகம். "வுழுத் தண்ணி தானாக் காயிறதுதான் நல்லம் எண்டு எங்கட வாப்பா சொல்லுவாரு காக்கா" என்றார். நான் மௌலவியிடமே போய்க் கேட்டேன். துடைத்தாலும் ஒரு பாதகமும் இல்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். அதையும் வந்து சொன்னேன். "அப்ப நாளைக்கித் துடைப்பம்" என்றார் றிஸ்வான் சேர். அந்த நாளை வரவில்லை.

ஒவ்வொரு சுவிச்சுக்கு மேலும் அறிவித்தல் ஒட்டினேன். எங்கள் கணக்காளர் ஸகியா அதில் ஒன்றைக் கழற்றி முறுக்கு வைத்துத் தின்றாள். எண்ணெய் ஊறாத நல்ல தாளாம். ஸகியா கெட்ட பிள்ளை அல்ல. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடுத்த கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார். அப்படிச் சிரிப்பாள்.

பிறகு நான் ஒரு செயல்முறை விளக்கம் வைத்தேன். எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, கேத்தலின் வயர் தேய்ந்திருப்பதைக் காட்டி, இதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது என் கை அதில் பட்டுவிட்டது. நான் கொஞ்சம் அசைந்தேன். ஆடினேன் என்று அவர்கள் சொல்வது மிகை. தொப்பி பறந்தது உண்மை. ஒரு சத்தமும் போட்டேனாம், அது எனக்கு ஞாபகமில்லை. றிஸ்வான் சேர் சிரித்துச் சிரித்து நிற்க மாட்டாமல் ஒரு யூரியா மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். "காக்கா, அல்லாஹ்வுக்காக இன்னொருக்காச் செய்ங்க, எங்கட புள்ளைக்குக் காட்ட வீடியோ எடுக்கணும்" என்றார். அன்று பின்னேரமே எனக்கு ஷொக் பாவா என்று பெயர் வந்தது. மறுநாள் மீன் சந்தையில் ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், "ஷொக் பாவா, சூரை நல்ல மலிவு, வாங்க" என்று கூப்பிட்டார்.

சம்பவங்களின் ஒழுங்குக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவர்கள் சிரித்ததற்கும் பிறகு நடந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்படி எழுத வேண்டாம்.

வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. ஃபிரிஜ் பழையது, பின்னால் தொட்டால் விரல் சுர்ரென்றது. அதை வெளியேற்ற வேண்டும் என்று என் மனைவி சுபைறாவிடம் சொன்னேன். அவள் முடியாது என்றாள். அதுவா நானா என்று கேட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண்ணின் பெயரில்தான் இருக்கும், உங்கள் பக்கத்திலும் அப்படித்தானே. ஆகவே ஃபிரிஜ் அங்கேயே இருக்கிறது. நான் அலுவலகக் களஞ்சியத்துக்கு வந்துவிட்டேன்.

அப்போது என்னை ஏற்றுக்கொண்டவர் றிஸ்வான் சேர்தான். ஒரு கட்டிலும் நுளம்பு வலையும் தானே கொண்டுவந்து போட்டார். அவருடைய மனைவி றிஸ்னா தினமும் எனக்கென்று ஒரு சோற்றுப் பார்சல் கட்டி அனுப்புவார். பெருநாளுக்கு வட்டிலப்பம். எனக்கு றிஸ்வான் சேர் மேல் அன்பு இருந்தது. இப்போதும் இருக்கிறது. அன்பு இருந்ததால்தான் அவருடைய ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த நேரத்தில் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைக்கும் ஒரு பலகை அனுப்பியது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே கறுப்பாக இடம் விட்டிருந்தார்கள். தினமும் காலையில் ஒரு நாளைக் கூட்டி எழுத வேண்டும். அதிகம் சேர்க்கிற கிளைக்குக் கேடயம். ஸகியாவின் கையெழுத்து நல்லது என்பதால் அந்த வேலையை அவளிடம் கொடுத்தேன். தினமும் சோக்கால் எழுதிவிட்டு, கழுத்தைத் திருப்பி என்னைக் கிறுகிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். நான் அந்தப் பலகையைப் பார்த்தபடிதான் தேத்தண்ணி குடிப்பேன். என் வாழ்க்கையில் கூடிக்கொண்டே போனது அது ஒன்றுதான்.

ஆனால் அது அதிர்ஷ்டத்தில் நிற்கிற பலகை என்று எனக்குத் தெரியும். பயமில்லாத ஆட்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கூட்ட முடியும்? எனக்கு ஒரு தரம் கரண்ட் அடித்தது, அதன் பிறகு நான் எந்த வயரையும் அலட்சியமாகத் தொட்டதில்லை. பயிற்சி என்னைத் திருத்தியதைவிட அந்த ஒரு அடிதான் என்னைத் திருத்தியது. அப்படியென்றால் மற்றவர்களுக்கும் அது கிடைக்க வேண்டாமா? இதில் எங்கே தவறு என்று நீங்களே சொல்லுங்கள்.

கேத்தலில் ஆரம்பித்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஒரு வயரை இருக்கக் கூடாத இடத்துக்கு மாற்றினேன். சின்ன அடிதான். முதல் நாள் ஸகியாவுக்குப் போனது.

"என்டும்மோ" என்று கத்தினாள். "காக்கா, கேத்தல் கடிக்கிது!"

"ஈரக் கையாத் தொட்டீங்களா புள்ள?"

"ஓம் காக்கா."

"துடைச்சிட்டுத் தொட்டிரிந்தாக் கடிச்சிரிக்காதே" என்றேன். அவள் அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது, ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் அவள் வீட்டிலிருந்து ஒரு துவாய் கொண்டுவந்து குழாய்க்குப் பக்கத்தில் மாட்டினாள். என் அறிவித்தல்கள் அத்தனையும் செய்யாததை அந்த ஒரு கேத்தல் செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். ஒருவருக்குக் கோப்பு வைக்கிற இரும்பு இழுப்பறை, ஒருவருக்கு மேசை விளக்கு, இன்னொருவருக்குப் போட்டோக் கொப்பி மெசின். யாருக்கு எது என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். வயிற்றுவலிக்காரர் ஒருவர் இருந்தார், அவருக்கு மிக மெல்லியதாக வைத்தேன். நான் மிருகம் அல்ல. கொஞ்ச நாளில் அலுவலகமே மாறிவிட்டது, நீங்கள் அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும். எல்லார் காலிலும் றப்பர் செருப்பு. எல்லார் தோளிலும் துவாய். கதவுக் கைபிடியை மர அடிமட்டத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள். போன் அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லித் துவாயால் பிடித்து எடுப்பார்கள். சாகாமத்திலிருந்து உரம் வாங்க வருகிற வயல்காரர்கள் சேற்றுக் காலோடு வருவார்களா, அவர்களை வாசலிலேயே மறித்து, காலைத் துடைத்து, ஒரு பலகையின் மேல் நிற்க வைத்துத்தான் வியாபாரம். "உரம் வாங்க வந்தமா, கலியாணம் முடிக்க வந்தமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது.

பலகையில் நாள் கூடிக்கொண்டே போனது. சின்ன அடிகளை நான் விபத்துக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பொறியியலாளர் சொன்ன விளக்கத்தின்படி சேர்க்கவும் முடியாது. அவை திட்டமிட்டவை.

இரண்டே இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று ட்ரிப் சுவிச். கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் முன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிற அந்தச் சின்னப் பெட்டி. நல்ல பொருள்தான், ஆனால் பாடத்தை நடுவிலேயே முடித்துவிடும். அதைவிட மோசம், ஆட்கள் அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். "ட்ரிப் சுவிச் இரிக்கிதானே காக்கா, அது பாத்துக்கும்" என்று ஸகியா ஒரு நாள் துவாயைத் தோளிலிருந்து எடுத்து மேசையில் போட்டாள். உழைத்தது நான், பெயர் அந்தப் பெட்டிக்கா? ஆகவே அதை ஓய்வெடுக்க விட்டேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உங்கள் ஆட்களுக்கும் தெரியவில்லை. பழுதடைந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தையும் திருத்த வேண்டும். அது பழுதடையவில்லை, நான் பழுதாக்கினேன்.

மற்றத் தடை றிஸ்வான் சேர். அவருக்கு மட்டும் பாடம் போய்ச் சேரவில்லை. அவர் எதையும் தானாகத் தொட மாட்டார். "ஸகியா, கேத்தலப் போடுங்க", "காக்கா, அந்த விசிறியக் கொஞ்சம் கூட்டுங்க" என்று இருந்த இடத்தில் இருந்தே வேலை நடக்கும். மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வுழுத் தண்ணீர் சொட்ட நடுவில் நின்று, "என்ன, எல்லாரும் ஷொக் பாவாட முரீதாகிட்டீங்களா?" என்று, அவர்கள் என் சீடர்களாகிவிட்டதுபோல, கேட்பார். அவர் ஒருவர் சிரிக்கிறவரைக்கும் மற்ற எல்லாரும் திரும்பவும் சிரிக்கத் தொடங்கக் கூடும். பாதுகாப்பு என்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி போதும்.

அவர் தானாகத் தொடுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான், மூலையில் இருக்கிற இரும்பு அலுமாரி. அதன் சாவி அவருடைய இடுப்பில் இருக்கும், வேறு யாரும் திறக்க மாட்டார்கள். அலுமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக் இருந்தது. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. புதன்கிழமை பின்னேரம் எல்லாம் தயாராக இருந்தது. கையைத் துடைத்து, றப்பர் செருப்புப் போட்டுத் தொட்டால் ஒரு சின்னத் தட்டுத்தான். அப்படித்தான் நான் கணித்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

புதன்கிழமை இரவே கொழும்பிலிருந்து செய்தி வந்தது. கேடயம் எங்கள் கிளைக்கு. மறுநாளே தலைமை அலுவலகத்து ஆட்கள் நேரில் கொண்டுவருகிறார்கள்.

இனி நடந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும், சேர். ஒரு நல்ல காரியம் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? இடத்தைக் கழுவுவோம். பாய் விரிப்போம். மௌலவியைக் கூப்பிட்டுத் துஆ ஓதுவோம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவோம். பாதுகாப்புக் கேடயம் கிடைத்த சந்தோசத்தில் காலையிலேயே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினார்கள். எல்லாருடைய றப்பர் செருப்பும் வாசலில் வரிசையாகக் கிடந்தது. கொழும்பு ஆட்கள் சப்பாத்தைக் கழற்றிக் காலுறையோடு வந்தார்கள். பாய் எட்டிய இடம் வரைக்கும் காய்ந்திருந்தது. அலுமாரி நின்ற மூலையில் தண்ணீர் அப்படியே நின்றது.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்ப்பதுதானே என் வேலை.

துஆ முடிந்ததும் றிஸ்வான் சேர் பேசினார். இந்தக் கேடயம் எங்கள் எல்லாருக்கும் சொந்தம் என்றார். அது சரி. ஆதம்பாவாக் காக்கா இல்லாவிட்டால் இது இல்லை என்றார். அதுவும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "காக்கா எங்களுக்குப் படிச்சித் தந்த முறையச் சொல்லத்தான் வேணும்" என்று தொடங்கி, அந்தக் கேத்தல் கதையைச் சொன்னார். சொன்னது மட்டுமல்ல, செய்தும் காட்டினார். கையை உதறி, தோளைக் குலுக்கி, தொப்பியைத் தானே தட்டிவிட்டு. பிறகு கொழும்பு ஆட்களுக்காகச் சிங்களத்திலும் ஒரு தரம், அவர்களோடு வந்த பெரியவருக்காக ஆங்கிலத்திலும் ஒரு தரம். மூன்று மொழியிலும் சிரித்தார்கள். மௌலவியும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஸகியாவின் சிரிப்புத் தெருவுக்குக் கேட்டது. நானும் சிரித்தேன். சபையில் வேறென்ன செய்ய?

பிறகு அவர் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அலுமாரிப் பக்கம் போனார்.

வெறுங்கால். நான் வாயைத் திறந்தேன். "சேர், செருப்பு" என்று இரண்டு சொல். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

போகிற வழியில் அவர் ஸகியாவின் துவாயைப் பார்த்தார். நின்றார். கேடயத்தைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் அந்தத் துவாயில் நன்றாகத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு என்னைக் கிறுகிப் பார்த்து, இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

"பாத்தீங்களா காக்கா? காஞ்ச கை."

சிரித்தார். அது கேலியா, அன்பா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. இரவெல்லாம் அதைத்தான் யோசிக்கிறேன். அன்பாக இருந்திருந்தால் எனக்கு மிகவும் துக்கமாக இருக்கும். ஆகவே கேலி என்றுதான் வைத்திருக்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் நீரில் நின்றுகொண்டு அலுமாரியில் சாவியைப் போட்டார். மற்றதை உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். மெயின் சுவிச்சை நிறுத்தியது நான்தான், முறைப்படி, மரக்கட்டையால். அவரை இழுத்தெடுத்ததும் முறைப்படிதான். நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தேன், பயிற்சியில் சொன்ன அதே வேகத்தில். கொழும்பிலிருந்து வந்த பெரியவர் என் தோளைத் தட்டி, இவ்வளவு நிதானமான பொறுப்பாளரை எந்தக் கிளையிலும் பார்க்கவில்லை என்றார்.

ஜனாஸாவில் உடலை வைத்த சந்தூக்கின் முன்பக்கத்தை நான் தூக்கினேன். றிஸ்னா வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்து, "காக்கா, நீங்க இருந்துமா இப்புடி நடந்திச்சி?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் இருந்தும் நடந்தது என்று அவர் நினைக்கிறார். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒருவர், "ஷொக் பாவாட பாதுகாப்பு இவ்வளவுதானா?" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

இன்று உங்கள் தாளிலும் அதையே வாசித்தேன். குறைபாடாம்.

ஒரு குறைபாடும் இல்லை, சேர். அங்கே ஒரு வயர்கூட என்னை அறியாமல் ஓடவில்லை. அந்த அலுமாரிக்குக் கரண்ட் கொடுத்தது நான். ட்ரிப் சுவிச்சை நிறுத்தியது நான். தரை ஈரம் என்று எனக்குத் தெரியும், அவர் வெறுங்காலோடு போகிறார் என்று தெரியும், இரண்டு சொல் சொன்னால் நின்றுவிடுவார் என்றும் தெரியும். சொல்லாமல் இருந்தது நான். றிஸ்வானை மௌத்தாக்கியது நான்தான். அலட்சியத்தால் அல்ல. என் அலுவலகத்தில் அலட்சியத்துக்கு இடமில்லை.

என்ன, பேனையை வைத்துவிட்டீர்கள்? "தண்ணி குடிங்க காக்கா, மறுகா கதைப்பம்" என்றா சொல்கிறீர்கள்? எனக்குத் தாகமில்லை. நீங்கள் குடியுங்கள், ஆனால் குடித்துவிட்டுக் கையைத் துடையுங்கள். உள்ளே அனுப்பும்போது செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன். என் றப்பர் செருப்பை மட்டும் விடச் சொல்லுங்கள். சிறைத் தரையைக் கழுவித்தான் வைத்திருப்பார்கள்.

இன்னொரு சின்ன உதவி. வியாழக்கிழமையிலிருந்து அந்தப் பலகையை அழித்துப் பூச்சியம் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். மனது உடைந்துவிட்டது. அந்தப் பொறியியலாளர் சொன்னதை ஞாபகப்படுத்திப் பாருங்கள். யாரும் நினைக்காமல், யாரும் திட்டமிடாமல் நடப்பதுதான் விபத்து. இது அப்படி அல்லவே. ஆகவே உங்கள் தாளில் விபத்து என்ற சொல்லை வெட்டிவிட்டு, கொலை என்று எழுதுங்கள். அந்த இடத்தில் நான் சந்தோசமாகக் கையெழுத்து வைக்கிறேன். எழுதியதும் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, பழைய கணக்கைத் திரும்ப எழுதி, இந்த நாட்களையும் கூட்டச் சொல்லுங்கள். ஸகியாவே எழுதட்டும், அவளுடைய கையெழுத்துத்தான் அழகு.

எழுதும்போது அவள் சிரிக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுங்கள்.